பூங்காவில் போர் நினைவுச் சின்னம்

நேயர்களுக்கு வணக்கம். பொதுப் பூங்காவில் போர் நினைவுச் சின்னம் எழுப்பும் பேச்சு வந்துவிட்டால், அந்த இடம் வேண்டாம் என்று சொல்பவர்கள் உயிர்நீத்த வீரர்களை மதிக்காதவர்கள் என்ற பழிக்கு ஆளாகிறார்கள். ஆனால், வழக்கு பெரும்பாலும் மரியாதையைப் பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது.

டெல்லியில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் அமைக்கும் திட்டத்தை, அன்றைய முதலமைச்சர் ஷீலா தீட்சித் 2012-இல் ஆட்சேபித்தார். மக்கள் மாலையில் குடும்பத்தோடு வந்து அமரும் புல்வெளியின் இயல்பு கெடும், நடமாட்டத்துக்குத் தடை வரும் என்பதே அவருடைய கவலை. நினைவகம் அந்த வட்டாரத்திலேயே அமைந்து 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. ஆயினும் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசனின் வடிவமைப்பு, இந்தியா கேட்டின் தோற்றத்தை மறைக்காதவாறு தாழ்வாக, வட்டங்களாக அமைந்தது. வெளிவட்டம் மரங்களாலேயே ஆனது. எதிர்ப்பை அவமதிப்பென்று ஒதுக்காமல் கேட்டால், வடிவமைப்புக்கும் அதில் பாடம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

வாஷிங்டனில் நடந்தது வேறு. இரண்டாம் உலகப் போர் நினைவகம் திறந்தவெளியின் நடுவே எழுவதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். நாடாளுமன்றம் 2001-இல் தனிச்சட்டம் இயற்றி அந்தத் தடையை நீக்க, 2004-இல் நினைவகம் திறக்கப்பட்டது. சட்டம் வழக்கை முடித்ததே தவிர, எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லவில்லை.

லண்டனில், பாராளுமன்றத்தை ஒட்டிய விக்டோரியா டவர் பூங்காவில் யூத இனப்படுகொலை நினைவகம் கட்ட அளிக்கப்பட்ட அனுமதியை உயர் நீதிமன்றம் 2022-இல் ரத்துசெய்தது. அந்த நிலம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று 1900-ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்ததே காரணம். நன்கொடை திரட்டுவதற்கு முன்பே பூங்கா நிலத்தின் பழைய ஆவணங்களைப் படித்துவிடுவது எவ்வளவு வீண் மனக்கசப்பைத் தவிர்க்கும்!

பெரும்பாலும் நடப்பதோ தலைகீழ்: முதலில் நிதி, பிறகு சிலை, கடைசியில்தான் இடம். அதற்குள் வீரர்களின் குடும்பங்களுக்கு வாக்குறுதி கொடுத்தாகிவிடுகிறது. பின்வாங்கினால் அவர்கள் மனம் நோகும். எனவே இடத்தை முதலில் பேசுங்கள். அஞ்சலிக் கூட்டம் நிற்க எவ்வளவு தளம் வேண்டும், அடித்தளம் தோண்டினால் எந்த மரத்தின் வேர் அறுபடும், அங்கே விளையாடும் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பனவற்றை வரைபடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. முளையடித்துக் கயிறு கட்டி, சில வாரங்கள் அப்படியே விட்டுவைத்து, இரு தரப்பினரும் அங்கேயே நின்று பேசலாம்.