குப்புறப் படுத்தா ஆக்ஸிஜன் ஏறுது, நிமிர்ந்தா இறங்குது: சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு 62 வயசு. வைரஸ் நிமோனியான்னு அட்மிட் பண்ணியிருக்கோம். மூக்கு வழியா ஹை ஃப்ளோ ஆக்ஸிஜன் (வேகமா, நிறைய ஆக்ஸிஜன் தர்ற மெஷின்) போகுது. குப்புறப் படுத்தா சாச்சுரேஷன் 96 வருது, மல்லாக்கத் திரும்பினா 91-க்கு இறங்கிடுது. கழுத்து வலிக்குதுன்னு படுக்க மாட்டேங்கறார். எத்தனை மணி நேரம் படுக்கணும்? 96 வந்துட்டா வென்டிலேட்டர் வேண்டாம்னு எடுத்துக்கலாமா?"

முதல்ல, திரும்பினதும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜன் அளவு, இறங்குதேன்னு பயப்பட வேண்டாம். மல்லாக்கப் படுக்கும்போது இதயத்தோட எடை, வயித்தோட அழுத்தம், நீர் கோத்த நுரையீரலோட சொந்தக் கனம் எல்லாமே முதுகுப் பக்கத்து நுரையீரல் மேல விழுது. அங்க இருக்கற காத்துப் பைகள் மூடிக்கும். ரத்தமோ அந்தப் பக்கம்தான் அதிகமாப் போகுது. காத்து இல்லாத இடத்துக்கு ரத்தம் போய் என்ன பிரயோஜனம்? குப்புறப் போட்டதும் இதயம் நெஞ்செலும்பு மேல சாஞ்சுக்கும், முதுகுப் பக்கத்துப் பைகள் திறக்கும். ரத்தம் அப்பவும் அங்க நல்லாவே போயிட்டிருக்கும். அதனாலதான் 96. திரும்பினா மறுபடி மூடுது, அவ்வளவுதான்.

எத்தனை மணி நேரம்? 16 மணி நேரம்னு நிறைய பேர் சொல்றாங்க. அந்தக் கணக்கு 2013-ல வந்த பிரெஞ்சு ஆய்வுல இருந்து வந்தது. அது தொண்டை வழியா மூச்சுக் குழாய்க்குள்ள ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல மயக்கத்துல இருந்தவங்களுக்கு. முழிச்சிருக்கற மனுஷன் அவ்வளவு நேரம் படுக்கறது ரொம்பக் கஷ்டம். முழிச்சிருக்கற கோவிட் நோயாளிகளை வெச்சு ஆறு நாடுகள்ல நடந்த ஆய்வு 2021-ல வந்துச்சு, 1,100 பேருக்கு மேல. ட்யூப் போட வேண்டி வந்தவங்க குப்புறப் படுத்த குழுவுல நூத்துக்கு 33, மத்த குழுவுல 40. இறப்புல தெளிவான வித்தியாசம் தெரியல. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல படுத்தவங்களுக்குப் பலன் அதிகம்னு தெரிஞ்சுது. ஆனா ஒன்னு கவனிங்க, உடம்பு ஓரளவு தேறினவங்கதான் அவ்வளவு நேரம் படுக்கவும் முடியும். அதனால 8 மணி நேரத்தைக் குறியா வெச்சுக்கலாம், அடம் பிடிக்க வேண்டாம். அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் குப்புற, அப்புறம் ஒருக்களிச்சு, கொஞ்ச நேரம் சாஞ்சு உட்கார்ந்து, மறுபடி குப்புறன்னு பிரிச்சுப் பிரிச்சு சேர்க்கலாம்.

இப்ப கழுத்து வலி. பெரும்பாலும் தலையணைதான் காரணம். தலைக்கு மெல்லிசா ஒன்னு போதும், தடியா வெச்சா கழுத்து பின்னால வளையும். நெஞ்சுக்கு ஒன்னு, இடுப்புக்கு ஒன்னு, கணுக்கால் மடங்காம இருக்க முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவுல ரெண்டு. தொப்பை இருந்தா நெஞ்சுத் தலையணைக்கும் இடுப்புத் தலையணைக்கும் நடுவுல இடைவெளி விடுங்க, வயிறு அமுங்காம தொங்கணும். முகம் திரும்பின பக்கத்துக் கை மேல, இன்னொரு கை உடம்போட ஒட்டிக் கீழ. மேல தூக்கின கை தோள் மட்டத்தைத் தாண்ட வேண்டாம், நரம்பு இழுபட்டு கை மரத்துப் போகும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பக்கம் மாத்துங்க. காது மடங்கியிருக்கான்னு விரல் விட்டுப் பாருங்க, அங்கதான் புண் வரும், யாரும் கவனிக்கறதில்லை. அப்படியும் முடியலைன்னா ஒரு பக்கம் தலையணை அண்டக் கொடுத்து முக்கால் வாசி குப்புற படுக்கட்டும். அதுவும் கணக்குதான்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். சிறுநீர் போயிட்டு வந்து படுக்கட்டும். திருப்பும்போது ரெண்டு பேர் இருங்க: ஒருத்தர் உடம்பைப் பார்க்கட்டும், இன்னொருத்தர் மூக்குக் குழாயையும் டிரிப்ஸ் லைனையும் மட்டும் பிடிக்கட்டும். அழைப்பு மணி கைக்கு எட்டற மாதிரி வையுங்க. குப்புறத் திரும்பினதும் சாச்சுரேஷன் குறைஞ்சா முதல்ல குழாய் கன்னத்துக்கு அடியில மடங்கியிருக்கான்னு பாருங்க. கால் மணி நேரம் ஆகியும் ஏறலைன்னா, இல்ல மூச்சு இன்னும் வாங்கினா, பழையபடி திருப்பிட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு முறிவு, கடுமையான இதயக் கோளாறு, கர்ப்பம் இதெல்லாம் இருந்தா டாக்டர் சொல்லாம குப்புறப் போடக் கூடாது.

கடைசிக் கேள்வி, எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இதுதான். 96-ஐ மட்டும் நம்பாதீங்க. மெஷின் தர்ற காத்துல ஆக்ஸிஜன் 80 சதவீதம் (அதாவது 0.8), சாச்சுரேஷன் 96, நிமிஷத்துக்கு 34 மூச்சுன்னு வைங்க. 96-ஐ 0.8-ஆல வகுத்தா 120. அதை 34-ஆல வகுத்தா மூணரை. இதுக்கு ராக்ஸ் இண்டெக்ஸ்னு பேரு. 4.88-க்கு மேல இருந்தா ட்யூப் தேவைப்படற வாய்ப்பு குறைவு. ஹை ஃப்ளோ ஆரம்பிச்சு 12 மணி நேரம் ஆகியும் 3.85-க்குக் கீழ இருந்தா ஆபத்து அதிகம். மானிட்டர்ல 96-ன்னு நல்லாத் தெரியும், மனுஷன் உள்ளுக்குள்ள களைச்சுப் போயிட்டிருப்பார். குப்புறப் படுத்து நம்பர் நல்லா இருக்குன்னு ட்யூப் போடறதைத் தள்ளிப் போட்டா, கடைசி நேரத்துல அவசரமாப் போட வேண்டி வரும், அது இன்னும் ஆபத்து.

அதனால சகோதரி, அப்பாவோட மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, திருப்பறதுக்கு முன்னாடியும், திருப்பி அரை மணி கழிச்சும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்க வேண்டாம், தப்பா வரும். எண்ணிக்கை குறைஞ்சா குப்புறப் படுக்கறது வேலை செய்யுது. 30-க்கு மேலயே நின்னா, கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்பினா, ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியலைன்னா, புதுசா குழப்பமோ அரைத் தூக்கமோ இருந்தா, சாச்சுரேஷன் எத்தனை இருந்தாலும் உடனே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க.