கிளை என்றால் மரம் மட்டுமா?

[திரையில்: வங்கி, நூலகம், சிறை பெயர்ப் பலகைகள்]

ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் 'கிளை' அதிகம் கண்ணில் படுவது பலகைகளில்தான். வங்கிக் கிளை, கிளை நூலகம், கிளைச் சிறை. மதுரையில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை. கட்சி என்றால் கிளைச் செயலாளர். மரத்தில் இருப்பதையோ தென்மாவட்டங்களில் பலர் 'கொப்பு' என்பார்கள்!

தலைமை ஒன்று, பிரிந்தவை பல. அலுவலகம் மரத்திடம் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பழந்தமிழில் கிளை என்றால் சொந்தபந்தமும்கூட.

[திரையில்: மலைச்சரிவு, குரங்குக் கூட்டம்]

குறுந்தொகை 69ஆம் பாட்டைப் பாருங்கள். ஆண் குரங்கு இறந்துவிட்டது. கைம்மையைத் தாங்காத மந்தி, தொழில் பழகாத தன் குட்டியைக் 'கிளைமுதல் சேர்த்தி', மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. குரங்கு, குட்டி, கிளை என்று வரிசையாக வந்ததும், குட்டியை மரத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனதாகத் தோன்றும். அப்படிப் படித்தால் பாட்டே கெட்டுவிடும். குட்டியை அது அம்போவென்று விடவில்லை. சுற்றத்தாரிடம் ஒப்படைத்த பிறகுதான் பாய்கிறது.

வள்ளுவர் 796ஆம் குறளில் 'கிளைஞர்' என்கிறார். கேட்டிலும் ஒரு நன்மை உண்டாம்: கிளைஞரை அளந்து பார்க்கும் கோல் அது. கிளையை அளக்கக் கோல்! மனிதருக்குக் குறும்பு இல்லாமலா?

இந்தப் பொருள் ஏட்டோடு போய்விடவில்லை. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கல்யாணப் பேச்சு எடுத்தால், எந்தக் கிளை என்பது முக்கியம். கிளை தாய்வழியில் வருவது. அம்மாவின் கிளைதான் பிள்ளைக்கும். இரு வீட்டுக்கும் ஒரே கிளை என்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. பேச்சு அதோடு நின்றுவிடும்.

[திரையில்: யாழ்]

தொல்காப்பியம் ஒருதலைக் காதலுக்கு வைத்த பெயர் கைக்கிளை. உறவுதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும். பண்டைத் தமிழிசையில் ஒரு சுரத்துக்கும் அதே பெயர். அங்கே சுரங்களுக்குள்ளேயே இணை, கிளை, பகை, நட்பு எல்லாம் உண்டு. 'குரல்' என்ற சுரத்துக்குக் கிளை 'இளி', அதாவது இன்றைய 'ச'வுக்குப் 'ப'. சேர்த்து மீட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்வது காதுக்கே தெரியும்.

[ஒலி: ச, ப]

நாலடியாரில் ஒரு கோழி 'குப்பை கிளைக்கிறது'. அதை மட்டும் இந்தச் சொந்தத்தில் சேர்க்காதீர்கள். அது கிளறுவது.