அம்மம்மாவின் குப்பி விளக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கே திருகோணமலையில் என்னிடம் அனிமேஷன் பழகும் தம்பி ஒருவர் அண்மையில் ஒரு காட்சியைச் செய்துகொண்டு வந்தார். இரவு நேரம், மண்சுவர் வீடு. தரையில் எரியும் குப்பி விளக்குக்குப் பக்கத்தில் இருந்து அம்மம்மா ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். கை அசைவெல்லாம் அருமை. ஆனால் இரவைத்தான் காணவில்லை. கணினிக்குள் ஆறு லைட் போட்டிருந்தார். மூலையில் கிடந்த சுளகின் பின்னல்கூடத் தெரிந்தது. எரிகிற விளக்குக்கு அங்கே வேலையே இல்லை.

"அம்மம்மாவின் முகம் தெரிய வேணுமே, சேர்" என்றார்.

ஆறையும் அணைக்கச் சொன்னேன். திரை கறுத்துப் போனது. நம் வீட்டில் யன்னலைச் சாத்தினாலும் எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சம் கசியும். கணினியில் நாம் வைக்காத வெளிச்சம் வராது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்த இடத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். இந்த வீட்டில் அது குப்பி விளக்கு. சுடர் இருக்கிற இடத்தில் ஒரேயொரு லைட்டை வைத்தோம். கீழிருந்து அடித்ததால் அம்மம்மாவின் முகம் பயங்கரமாகிவிட்டது. உடனே பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்து விளக்கை அதன்மேல் ஏற்றினோம். முகம் சரியானது. அவருடைய நிழலும் பின்சுவரில் பெரிதாக எழுந்தது.

அப்போதும் மூலையில் சுளகு பளிச்சென்று தெரிந்தது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். இயற்கையில் அது தானாக நடக்கும். மென்பொருளில் அதை நிறுத்திவைக்கவும் வசதி உண்டு, தம்பி நிறுத்தியே வைத்திருந்தார். அதைத் திரும்பப் போட்டதும் முகம் ஒளிர்ந்தது, தோள் மங்கியது, சுளகு இருட்டுக்குள் போனது.

முதன்மை வெளிச்சமான கீ லைட், நிழலைக் குறைக்கும் ஃபில் லைட், பின்னாலிருந்து அடிக்கும் பேக் லைட் என்று மூன்றைப் பாடத்தில் சொல்லித் தருவோம். பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் எல்லாக் காட்சிக்கும் அந்த மூன்றையே போட்டால் குடிசையும் செய்தி வாசிக்கும் அறை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, பட்டுத் திரும்பும் ஒளி. நிலாவெளிக் கரையில் உச்சிவெயிலில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். சூரியன் தலைக்கு மேலே நின்றாலும் தாடைக்குக் கீழே இருட்டு இல்லை. வெள்ளை மணல் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புகிறது. 1956இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செற் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து லைட்டை அதில் அடித்துத் திருப்பினார். முற்றத்தில் விழும் ஆகாய வெளிச்சம் அப்படியே கிடைத்தது. கணினி இதைக் கற்றுக்கொள்ளப் பிறகும் பல காலம் ஆனது. 1984இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெட்டியின் நிறச் சுவர்களிலிருந்து நிறம் பக்கத்துப் பரப்புகளில் படிவதைக் கணக்கிட்டுப் படமாக்கினார்கள். இன்று அதே வேலையைச் செய்யும் கணக்கு தம்பியின் கணினியில் ஓடுகிறது. அதைப் போட்டதும் மண்சுவரின் செம்மை அம்மம்மாவின் கன்னத்தில் ஏறியது. அதுவரை அவர் வெட்டி ஒட்டிய உருவம் மாதிரி இருந்தார். அந்தச் செம்மை வந்த பிறகுதான் அந்த வீட்டு ஆளானார்.

யன்னல் பக்கம் நிலவுக்காக மிக மெல்லிய நீலம் வைத்தோம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும். சுடரின் ஒளி ஏறக்குறைய 1,900 கெல்வின், மஞ்சள் கலந்த சிவப்பு. பகல் ஒளி ஏறக்குறைய 5,600. நீலம் பக்கத்தில் இருந்தால்தான் சுடரின் சூடு கண்ணுக்குப் படும்.

இப்போது கையில் போன் இருந்தால் அதன் டோர்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். விரல் சிவக்கும். ஒளி தோலுக்குள் புகுந்து, சிதறி வெளியே வருகிறது. கணினியில் இதைச் செய்யாவிட்டால் தோல் பிளாஸ்ரிக் மாதிரித் தெரியும். விளக்கருகே இருந்த காது மடலுக்கு அதைக் கொடுத்தோம்.

கடைசியில் கண். சுடர் அதில் ஒரு புள்ளியாகத் தெரியாவிட்டால் பார்வையில் உயிர் இருக்காது. அந்தப் புள்ளியைத் தம்பி தானே வைத்தார். திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ர அம்மம்மா மாதிரியே இருக்கிறா, சேர்" என்றார்.

வணக்கம்.