கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால்...

நடுவர் அவர்களே, வணக்கம். வளரும் இந்தியா அண்டை நாடுகளின் மனத்தைப் பிடிப்பது கொடுக்கும் உதவியாலா, காட்டும் மரியாதையாலா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மரியாதை அணி. எதிரணித் தலைவர் வந்ததும் வராததுமாக ஒரு கணக்கை நீட்டினார்: 2022-ல் இலங்கை நொடித்துப் போனபோது ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்தோமே! கொடுத்தோம் ஐயா. தமிழ்நாட்டிலிருந்தும் அரிசியும் பால்பவுடரும் கப்பலேறின. உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவி மட்டும் போதுமென்றால் நேபாளத்தில் நம் பெயர் ஏன் கெட்டது? அதற்குப் பதில் சொல்லட்டும்.

2015 ஏப்ரல் 25. நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட 9,000 உயிர்கள் போயின. சில மணி நேரத்திலேயே நம் விமானங்கள் காட்மாண்டுவில் இறங்கின. அந்த மீட்புப் பணிக்குப் பெயர் ‘மைத்ரி’, அதாவது நட்பு. சரி, அப்புறம்? இடிபாடுகளுக்கு நடுவே மைக்கை நீட்டி, “பார்த்தீர்களா எங்கள் உதவியை” என்று நம் டிவிக்காரர்கள் தம்பட்டம் அடித்தார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, ‘இந்திய ஊடகமே, வீட்டுக்குப் போ’ என்று ட்விட்டரில் நேபாளிகள் கொதித்துவிட்டார்கள்.

அதே செப்டம்பரில் நேபாளத்தின் புது அரசியல் சாசனம் வந்தது. டெல்லி முகம் சுளித்தது. அதில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று, நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசி மக்கள் ரக்சௌல்–பீர்கஞ்ச் எல்லைப் பாலத்தில் மறியலில் உட்கார, இந்தியாவிலிருந்து சரக்கு கொண்டுபோன லாரிகள் நின்றன. “நாங்கள் மறிக்கவில்லை” என்றது டெல்லி. மாதேசிகளின் குறையில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தசைன் பண்டிகை நேரத்தில் கேஸ் இல்லாமல் விறகை ஊதிக்கொண்டிருந்த காட்மாண்டு அம்மாவிடம் போய் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பாருங்கள்! அந்தப் பாலத்தின் பெயர் மிதேரி. அதற்கும் நட்பு என்றுதான் பொருள். ஐந்தே மாதத்தில் விமானத்தில் போன நட்பு பாலத்தில் மாட்டிக்கொண்டது. 2016 மார்ச்சில் நேபாளப் பிரதமர் ஒலி பெய்ஜிங் போய், சீனத் துறைமுகம் வழியாகச் சரக்கு கொண்டுவர ஒப்பந்தம் போட்டார். கொல்கத்தா பக்கத்தில் இருக்க, இமயத்தைத் தாண்டி! கட்டுப்படியாகாது என்று அவருக்குத் தெரியாதா? ரோஷம் வந்தவன் லாரி வாடகை பார்ப்பானா?

வங்கதேசத்தைப் பாருங்கள். 2015 ஜூலை 31 நள்ளிரவில் எல்லைத் திட்டுகளை, அதாவது ஒரு நாட்டுக்குள் தீவுபோலக் கிடந்த மற்ற நாட்டு நிலத் துண்டுகளை, மாற்றிக்கொண்டோம். நாம் விட்டது 111, சுமார் 17,000 ஏக்கர். வாங்கியது 51, சுமார் 7,000 ஏக்கர். வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் 2024-க்குப் பிறகு டாக்காவோடு எத்தனை உரசல்! அந்தத் திட்டுகளைப் பற்றி ஒரு சண்டை உண்டா? சமமாக உட்கார்ந்து பேசி முடித்த கதை அது.

கடைசியாக மாலத்தீவு. 1988-ல் ஆட்சிக் கவிழ்ப்பைத் தடுத்தோம், 2014-ல் தலைநகர் மாலேவுக்குக் குடிநீரே அனுப்பினோம். எதிரணிக் கணக்குப்படி அவர்கள் நம்மைத் தலையில் தூக்கி வைத்திருக்க வேண்டும். 2023-ல் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற கோஷம் அங்கே தேர்தலையே ஜெயித்தது. பிரச்சினை நோயாளிகளை ஏற்றிச் செல்ல நாம் கொடுத்த ஹெலிகாப்டரில் இல்லை, அதன் பக்கத்தில் நின்ற நம் ராணுவச் சீருடையில். நூறு பேர்கூட இல்லை. 2024 மே மாதத்துக்குள் வீரர்களைத் திரும்ப அழைத்துவிட்டு, இந்தியாவிலிருந்தே சிவில் தொழில்நுட்பக்காரர்களை அனுப்பினோம். அதே ஹெலிகாப்டர், அதே நோயாளிகள், சட்டை மட்டும் வேறு. 2025 ஜூலையில் அவர்களுடைய சுதந்திர தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நம் பிரதமர்! இதில் கூடுதலாகச் செலவான உதவி எவ்வளவு என்று எதிரணி எழுந்து சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள், நான் உட்காருகிறேன்.