தேடுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இப்போது சொல்லும் எண்களை எழுதிக்கொள்ளாமல் கேளுங்கள். 1, 9, 4, 5, 1, 9, 6, 9, 1, 9, 8, 9. மொத்தம் 12 இலக்கங்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் பலருக்கு ஆறேழு இலக்கத்திலேயே தடுமாறும். இனி இப்படிக் கேளுங்கள். 1945, இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு. 1969, நிலவில் மனிதன் கால்வைத்த ஆண்டு. 1989, பெர்லின் சுவர் வீழ்ந்த ஆண்டு. இலக்கங்கள் அதே பன்னிரண்டுதான், மனத்தில் பிடித்துவைக்க வேண்டியவை மட்டும் மூன்றாகிவிட்டன. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் முன்பே தெரிந்தவருக்குத்தான் இந்த வசதி.

ஒரே சமயத்தில் நாம் மனத்தில் வைத்துப் புழங்கக்கூடியவை மிகக் கொஞ்சம். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் ஏறக்குறைய ஏழு என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் நான்கை ஒட்டி வைக்கின்றன. இந்தச் சின்ன இடத்தில்தான் சிந்தனை முழுவதும் நடக்கிறது. முன்பே கற்றுப் பதிந்த செய்தி இங்கே அதிக இடத்தை அடைக்காமல் வந்து கைகொடுக்கும். கைபேசியில் இருக்கும் செய்தியோ, தேடி, படித்து, புரிந்துகொள்வதற்குள் அந்த இடத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும். யோசித்துக்கொண்டிருந்த கணக்கு அதற்குள் நழுவிவிடும்.

“எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, எதற்கு வாய்பாடு?” என்று கேட்கிறார்கள். 42இன் கீழ் 56 என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கு இரண்டு எண்ணுக்குள்ளும் 7 இருப்பது பார்த்ததுமே தெரியும். 6இன் கீழ் 8, பிறகு 3இன் கீழ் 4. தெரியாத பிள்ளைக்குக் கணிப்பான் 0.75 என்று காட்டும். விடை தப்பில்லை. ஆனால் பொதுக் காரணி என்ற ஒன்று அந்தப் பிள்ளையின் கண்ணில் படவே இல்லை. எண்ணோடு எழுத்தும் சேர்ந்து வரும் இயற்கணிதத்தில் அது திணறுவது இதனால்தான். ஆசிரியர் அங்கே இயற்கணிதத்தையே திரும்பத் திரும்ப நடத்துவார், ஓட்டை வாய்பாட்டில் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. அது தப்பையும் சரியையும் ஒரே குரலில்தான் சொல்கிறது. சூரிய ஒளி பூமிக்கு வந்துசேர 8 நொடி ஆகும் என்று ஒரு பதில் வந்தால் எப்படிப் பிடிப்பது? சூரியனின் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர், ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். இந்த இரண்டும் தெரிந்தால் போதும். வகுத்தால் 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. தெரியாதவருக்குச் சந்தேகமே வராது. சந்தேகம் வராத இடத்தில் யாரும் தேடிப் பார்ப்பதும் இல்லை.

சரி, எப்படிப் பதியவைப்பது? மறுபடி மறுபடி படிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. பக்கம் பழகிப்போவதால் பாடம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே பிள்ளைக்குத் தினமும் பத்துக் கேள்வி போதும். இன்றைய பாடத்தில் ஐந்து, போன வாரத்தில் மூன்று, போன மாதத்தில் இரண்டு. புத்தகத்தை மூடிவைத்து, விடையை எழுத வேண்டும். எழுதியபின் சரிபார்க்க வேண்டும், சரிபார்க்காமல் விட்டால் தப்பான விடையே பதிந்துவிடக்கூடும். தப்பியதை மறுநாள் பத்தில் சேர்த்துவிடுங்கள். வரிசையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை கேள்வியைக் கேட்காமல் இடத்தை வைத்தே ஒப்பித்துவிடும்.

அந்தப் பத்தில் ஒன்றாவது ‘ஏன்’ என்று இருக்கட்டும். செல்லுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா என்று பிள்ளை எழுதிவிட்டால், தசைச் செல்லில் அது ஏன் நிறைய இருக்கிறது என்று கேளுங்கள். உருப்போட்ட பிள்ளை அங்கே நிற்கும். அப்போது விடையைச் சொல்லிவிடாமல், தசை என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.