கிரியேட்டின் துணையே!

நடுவர் அவர்களே, "கிரியேட்டின் உடலுக்குத் துணையா, சுமையா?" என்பது தலைப்பு. உடற்பயிற்சி செய்பவர்கள் பவுடராக எடுத்துக்கொள்கிறார்களே, அந்தக் கிரியேட்டின்தான். துணையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், அது செயற்கைச் சரக்கு, எடையை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அடுக்கிவிட்டுப் போனார்.

செயற்கையா? 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் இதைப் பிரித்தெடுத்ததே இறைச்சியிலிருந்துதான். நண்பரின் உடம்பே நாளுக்கு ஏறக்குறைய 1 கிராம் தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதி தசையில்தான் தங்குகிறது.

அங்கே அதற்கு என்ன வேலை? பளு தூக்கும்போது ஏழாவது முறை எப்படியோ ஏறிவிடும், எட்டாவதில் கை நடுங்கும். தசையின் எரிபொருளான ஏடிபி கைவசம் இருப்பது சில நொடிகளுக்குத்தான். அது பாஸ்பேட்டை இழந்ததும், தன்னிடம் சேர்த்து வைத்த பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மறுபடி ஏடிபி ஆக்குவது கிரியேட்டின். அந்த இருப்பு கூடினால் எட்டாவது முறையும் ஏறும். நெடுந்தூரம் ஓடுபவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

"சாப்பாட்டிலேயே கிடைக்குமே" என்றார். சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சை இறைச்சியில் இருப்பதே 4, 5 கிராம்தான், சமைத்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும். தாவர உணவில் அநேகமாக இல்லவே இல்லை. அதனால்தான் சைவர்களின் தசையில் இருப்பு குறைவு, பவுடர் எடுத்தால் அவர்களுக்கே ஏற்றமும் அதிகம். தினம் 3 முதல் 5 கிராம் போதும், மூன்று நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும். எடை ஓரிரு கிலோ ஏறலாம். தொடக்கத்தில் அது தசைக்குள் போகும் தண்ணீர், கொழுப்பல்ல.

இனி சிறுநீரகம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்கள். என் ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்தக் கிரியாட்டினின் எண்ணுக்குப் பக்கத்தில், இயல்பைவிடக் கூடுதல் என்று ஒரு நட்சத்திரக் குறி. இரண்டு நாள் தூக்கமில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கிரியேட்டின் எடுக்கிறீர்களா?" உடம்பில் கிரியேட்டின் சிதைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது. உள்ளே போவது கூடினால் அந்த எண்ணும் கொஞ்சம் கூடும், வடிகட்டி நன்றாக இருந்தாலும்கூட. சிறுநீரகம் வடிகட்டும் திறனையே காட்டும், ஆனால் தசையையும் கிரியேட்டினையும் அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அது இயல்பாக இருந்தது.

ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை. ஆனால் ஆரோக்கியமானவர்கள் சொன்ன அளவில் எடுத்த ஆய்வுகளில் சிறுநீரகம் கெட்டதாகத் தெரியவில்லை. அடுத்து வரும் எதிரணித் தோழர் கிரியாட்டினின் எண்ணை மட்டும் நீட்டாமல், அப்படிப்பட்ட ஒருவரின் சிறுநீரகம் வடிகட்டும் திறனே குறைந்தது என்று காட்டட்டும். கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.