ஓதி முடித்த பிறகு

(கீழக்கரையில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

காலையில் ஓதப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். தூக்கம் கலையாத முகம். முன்னால் பலகையில் குர்ஆனை விரித்து வைத்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஓதுகிறார்கள். பொருள் தெரியுமா என்றால் பெரும்பாலும் தெரியாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணை வாங்குவதற்கு, முன்னால் கத்தோலிக்கப் பிள்ளைகள் மந்திரங்களை ஒப்பிக்கிறார்கள். மார்கழிக் குளிரில் திருவெம்பாவை பாடும் பிள்ளைக்கும் அதே கதைதான்.

இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். ஏழு வயதில் நாக்கில் ஏறியது, எழுபது வயதில் மையத்து வீட்டில், அதாவது சாவு வீட்டில், உட்காரும்போது தானாக வருகிறது. என் வருத்தம் வேறு. ஓதி முடித்தாயிற்று, விருந்து வைத்தாயிற்று; புதுநன்மை வாங்கியாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று. பல வீடுகளில் அதோடு சரி. பிள்ளை கேள்வி கேட்க ஆரம்பிக்கும் வயது பார்த்துப் பாடத்தை நிறுத்திவிடுகிறோம். இந்து வீடுகள் பலவற்றில் தொடங்குவதே அரிது. திருநீறு எதற்கு என்று கேட்டால் "சும்மா பூசுடா" என்பதுதான் பதில். மிச்சப் பாடத்தைச் செல்போன் நடத்துகிறது. அதில் பேசுகிறவருக்கு நம் பிள்ளையையும் தெரியாது, நம் பக்கத்து வீட்டையும் தெரியாது.

அப்துல் கலாம் 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது, தொழுகை எதற்கு என்று தந்தை ஜைனுலாப்தீனிடம் கேட்டிருக்கிறார். அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனாலும் அதட்டாமல், பையனுக்குப் புரிகிற எளிய தமிழில் விளக்கினார்.

பள்ளிக்கூடத்தில் வேறு பாடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட கலாமை, பூணூல் போட்ட நண்பன் ராமநாத சாஸ்திரி பக்கத்திலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். அதுவும் மதக் கல்விதான், என்ன, பாடத்திட்டத்தில் இல்லாதது. விஷயம் தெரிந்ததும் நண்பனின் அப்பா, ராமநாதசுவாமி கோயில் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆசிரியரும் திருந்தினார். இதனால் யாருடைய நம்பிக்கையும் கரைந்துவிடவில்லை. ராமநாதன் பின்னாளில் அப்பாவின் அர்ச்சகப் பொறுப்பையே ஏற்றார்.

புரிகிற மொழியில் பதில் சொல்வது நம் கீழக்கரைக்குப் புதிதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதிவைத்தார்கள். எழுத்து அரபு, பேச்சு நம் பேச்சு.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஓதப் பள்ளியோ, மறைக்கல்வி வகுப்போ, கோயில் மண்டபமோ, 13 வயது தாண்டியவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒப்பிக்க வேண்டாம், கேட்கட்டும். "அல்லா இருக்கிறானா?" என்றே ஒரு பையன் கேட்டாலும் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் பிரம்பைத் தேடக் கூடாது. டியூஷன் இருக்கிறதே என்பீர்கள். கிரிக்கெட்டுக்கு நேரம் கிடைக்கிறது, இதற்கும் கிடைக்கும்.

பதில் தெரியாவிட்டால் உஸ்தாத் என்ன செய்வார் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லட்டும். அடுத்த வாரமும் பையன் வருவான்.